லியோ ப்ரோவரின் இளமைக்கால கிட்டார் இசை: ஒரு மதிப்பீடு

லியோ ப்ரோவர் (பிறப்பு: மார்ச் 1, 1939) கியூபாவைச் சேர்ந்த செவ்வியல் கிட்டார் கலைஞர், இசையமைப்பாளர், இசைக்குழு நடத்துநர். முழுப்பெயர் ஹுவான் லியோவிகில்டோ ப்ரோவர் மெஸ்கிடா. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிட்டாருக்காக எழுதியவர்களில் உலகெங்கும் அதிகமாக வாசிக்கப்படுபவர்களில் ஒருவர். இக்கட்டுரை அவருடைய முழு வாழ்க்கையையும் சொல்ல முயலவில்லை. 1956 முதல் 1971 வரை, அதாவது பதினேழு வயதிலிருந்து முப்பத்திரண்டு வயது வரை, அவர் கிட்டாருக்கு எழுதியவற்றை மட்டும் ஆராய்கிறது. அக்காலத்தில் அவர் மேடையில் வாசிக்கும் கலைஞராகவும் இருந்தார், எழுதும் இசையமைப்பாளராகவும் இருந்தார். இந்த இரண்டு வேலைகளும் ஒரே கையால் நடந்ததே அவருடைய இசையின் பலம் என்பதும், அதன் எல்லையும் அதுவே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பின்னணி: கிட்டாருக்கு இல்லாத இசை

ப்ரோவர் ஏன் எழுதத் தொடங்கினார் என்பதைப் புரிந்துகொள்ள, 1950களில் ஒரு செவ்வியல் கிட்டார் மாணவரின் கையில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். பியானோ மாணவருக்கு பாக் முதல் பார்த்தோக் வரை தொடர்ச்சியான மரபு உண்டு. கிட்டாருக்கு அது இல்லை. பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோர் கிட்டாருக்கென்று தனிவாசிப்புப் படைப்பு எதையும் எழுதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெர்னாண்டோ சோர், மாவுரோ ஜூலியானி போன்ற கிட்டார் கலைஞர்களே தங்கள் கருவிக்கு எழுதிக்கொண்டனர். பின்னர் வந்த பிரான்சிஸ்கோ தாரேகா (1852–1909) தன் சொந்தப் படைப்புகளுடன், பிற கருவிகளுக்கு எழுதப்பட்ட இசையையும் கிட்டாருக்கு மாற்றி வாசித்தார்.

ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987) இந்த நிலையை மாற்றினார். தனக்காக எழுதும்படி பல இசையமைப்பாளர்களைத் தூண்டி, கிட்டாரைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுசென்றார். ஆனால் அவருடைய ரசனை கற்பனாவாத இசையோடு நின்றது. ஸ்விட்சர்லாந்தின் பிராங்க் மார்டின் 1933இல் எழுதிய 'நான்கு சிறு படைப்புகள்' செகோவியாவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை செகோவியா வாசிக்கவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியும் பார்த்தோக்கும் இசையின் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருந்தபோது, கிட்டார் மேடைகளில் அதன் சுவடு அநேகமாகத் தெரியவில்லை. பிரேசிலின் ஹெய்டர் வில்லா-லோபோஸ் 1929இல் எழுதிய பன்னிரண்டு பயிற்சிப் படைப்புகள் முக்கியமான விதிவிலக்கு.

பார்த்தோக் கிட்டாருக்கு எழுதவில்லை, பிராம்ஸ் எழுதவில்லை என்ற குறையே தன்னை எழுதவைத்தது என்ற பொருளில் ப்ரோவர் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார். அதாவது அவர் முதலில் ஒரு வாசிப்பாளர். வாசிக்க இசை போதாததால் எழுதியவர்.

கல்வி

ப்ரோவர் ஹவானாவில் இசைக்குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பாட்டி எர்னெஸ்தினா லெகுவோனா இசையமைப்பாளர். பாட்டியின் சகோதரர் எர்னெஸ்டோ லெகுவோனா உலகப்புகழ் பெற்றவர். மருத்துவரான தந்தை பொழுதுபோக்காகக் கிட்டார் வாசிப்பவர். அவரே மகனுக்கு முதலில் கிட்டாரை அறிமுகம் செய்தார். பதின்மூன்று வயதில் ஃபிளமெங்கோ இசையின் ஈர்ப்பால் ப்ரோவர் கிட்டாரைக் கையில் எடுத்தார்.

முறையான கல்வி ஐசக் நிகோலாவிடம் அமைந்தது. நிகோலா பாரிஸில் எமிலியோ புஜோலிடம் பயின்றவர். புஜோல் தாரேகாவின் மாணவர். ஆகவே, தாரேகாவிலிருந்து நான்காம் தலைமுறை ப்ரோவர். கருவியைக் கையாளும் மரபு அவருக்குக் குருவழியாக வந்தது. இசையமைப்பை அவர் பெரும்பாலும் தானே கற்றார். பிறர் படைப்புகளின் இசைப்பிரதிகளைப் படித்தும், நண்பர்களோடு வாசித்துப் பார்த்தும் கற்றது அது. 1959இல் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்று ஜூலியார்டிலும் ஹார்ட்ஃபோர்டிலும் பயின்றபோது, அவருடைய நடை ஏற்கனவே உருவாகத் தொடங்கியிருந்தது. 1960இல் கியூபாவுக்குத் திரும்பினார்.

முதல் படைப்புகள் (1956–1959)

முதல் கச்சேரியைப் பதினேழு வயதில் வழங்கிய ப்ரோவர், 1956இல் 'பிரெலூடியோ' என்ற சிறு படைப்பை எழுதினார். 1957இல் வந்த 'டான்சா கராக்தெரிஸ்திகா' அவருடைய முதல் வெற்றி. கியூபத் திருவிழாக்களில் தெருவில் ஆடிப்பாடிச் செல்லும் கூட்டத்துக்கு கொம்பார்சா என்று பெயர். அப்படியொரு தெருப்பாட்டின் மெட்டே இதற்கு அடிப்படை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளமரபு அதில் உள்ளது.

கியூப இசையின் அடிப்படைத் தாளக்கட்டுகளில் ஒன்று எட்டு மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரிப்பது. தமிழ் வாசகர்கள் இதைத் 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பார்த்தால் எளிதில் பிடிபடும். இந்த நடை ப்ரோவரின் இசையில் வாழ்நாள் முழுவதும் கேட்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறையில் அமதேயோ ரோல்தானும் அலெஹாந்த்ரோ கார்சியா கதுர்லாவும் ஆப்பிரிக்க-கியூப இசையை சிம்பொனி இசைக்குழுவுக்குக் கொண்டுவந்திருந்தனர். ப்ரோவர் அதை ஆறு தந்திகளுக்குள் கொண்டுவந்தார்.

1959இல் எழுதப்பட்ட 'மூன்று குறிப்புகள்' வேறொரு திசையைக் காட்டுகிறது. முதல் பகுதி மனுவேல் டி ஃபாயா கிட்டாருக்கு எழுதிய ஒரே படைப்பான 'ஹோமெனாஹே'யிலிருந்து (1920) எழுகிறது. மூன்றாவது பகுதி ஒரு பல்கேரியப் பாடலை அடிப்படையாகக் கொண்டது. பல்கேரிய நாட்டார் தாளங்களைப் பியானோவுக்குக் கொண்டுவந்தவர் பார்த்தோக். அந்த வழியே இளம் ப்ரோவர் நடந்திருக்கிறார். இந்தப் படைப்புகளில் முன்னோடிகளின் நிழல் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நாட்டார் மெட்டை எடுத்து அழகுபடுத்தி வைக்கும் பழக்கம் இல்லை. மெட்டை உடைத்து, அதன் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வளர்க்கும் முறையை அவர் இருபது வயதிலேயே கண்டுகொண்டிருந்தார்.

எளிய பயிற்சிகள்

ப்ரோவரின் இளமைக்காலச் சாதனை எது என்ற கேள்விக்கு விமர்சகர்கள் பொதுவாகக் கச்சேரிப் படைப்புகளையே சுட்டுவார்கள். 1960களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'எளிய பயிற்சிகள்' வரிசையின் முதல் பத்தும் அவற்றைவிட முக்கியமானவை. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பக்கம் மட்டுமே. வரிசை பின்னர் இருபதாக விரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பயிற்சிப் படைப்புகள் விரலைப் பழக்குபவை. அவற்றின் இசைமொழி பெரும்பாலும் எதிர்பார்த்த இடத்துக்கே போய்ச்சேரும். மாணவர் நான்கைந்து ஆண்டுகள் அந்த மொழியில் பழகிவிட்டு நவீன இசையைச் சந்திக்கும்போது அது அன்னியமாக ஒலிக்கும். ப்ரோவர் இந்த வரிசையை மாற்றினார். முதல் நிலை மாணவரின் கையிலேயே நவீன இசையைக் கொடுத்தார்.

முதல் பயிற்சியில் கட்டைவிரல் மந்தரத் தந்திகளில் மெட்டை வாசிக்கிறது. வழக்கமாக மேல் தந்திகளில் மெட்டும் கீழே துணையும் இருக்கும். இங்கே அது தலைகீழ். மேல் தந்திகள் தாளம்போல இடைவெட்டுகின்றன. கட்டைவிரலுக்கு வலிமை தரும் பயிற்சி இது. அதே சமயம் கியூபத் தாளத்தின் முதல் பாடமும்கூட. இரண்டாவது பயிற்சி மெதுவாக நகரும் கூட்டிசை. எல்லா விரல்களும் ஒரே கணத்தில் ஒலிக்கவேண்டும், ஆனால் ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்கவேண்டும். ஐந்தாவது 'மொந்தூனோ' என்ற குறிப்புடையது. கியூப நடன இசையில் ஒரே வட்டம் திரும்பத் திரும்ப வரும் பகுதியின் பெயர் அது. ஆறாவதில் வலதுகை ஒரே மீட்டல் முறையை விடாமல் தொடர, இடதுகையின் அமைப்பு சிறிது சிறிதாக மாறுகிறது. ஒரு விரல் நகர்ந்தால் முழு இசையின் நிறமும் மாறுவதை மாணவர் தன் கையாலேயே உணர்கிறார்.

கர்நாடக இசையிலிருந்து ஓர் ஒப்பீடு இதை விளக்கும். சரளி வரிசையை யாரும் கச்சேரியில் பாடுவதில்லை. வர்ணம் அப்படியல்ல. அது பயிற்சியும் ஆகும், மேடையிலும் ஒலிக்கும். ப்ரோவர் செய்தது, சரளி வரிசை அளவுக்கு எளிய இடத்தில் வர்ணத்தின் தகுதியை வைத்தது. பார்த்தோக் பியானோ மாணவர்களுக்கு 'மைக்ரோகாஸ்மாஸ்' தொகுதிகளில் செய்ததைக் கிட்டாருக்கு இவர் செய்தார் எனலாம்.

இதை வெளியிலிருந்து ஓர் இசையமைப்பாளர் செய்திருக்க முடியாது. எந்தத் தந்தியைத் திறந்து ஒலிக்கவிடலாம், எந்த விரல் எங்கே தங்கலாம், கை எப்போது களைப்படையும் என்பதெல்லாம் வாசிப்பவருக்கே தெரியும். ப்ரோவரின் பயிற்சிகளில் ஒலி புதிது, ஆனால் கை அமைப்பு எளிது. இந்தச் சேர்க்கைதான் அவருடைய கண்டுபிடிப்பு. லண்டனின் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிட்டார் தேர்வுகளின் பாடத்திட்டங்களிலும் இப்பயிற்சிகள் இடம்பெற்றுள்ளன. அத்தேர்வுகள் சென்னையிலும் நடைபெறுவதால், தமிழகத்தில் மேற்கத்திய முறையில் கிட்டார் பயில்பவர்களும் ப்ரோவரை முதலில் சந்திக்கும் வழி இவையே.

வார்சாவும் திரைப்பட நிறுவனமும்

1959இல் தொடங்கப்பட்ட கியூபத் திரைப்பட நிறுவனத்தின் இசைப்பிரிவுக்கு ப்ரோவர் பொறுப்பேற்றார். தொமாஸ் குத்தியேரெஸ் ஆலேயாவின் 'வளர்ச்சியின்மையின் நினைவுகள்' (1968), ஹும்பெர்டோ சோலாஸின் 'லூசியா' (1968) உட்பட பல படங்களுக்கு இசையமைத்தார். 1969இல் அந்நிறுவனத்துக்குள் உருவான ஒலிப் பரிசோதனைக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். சில்வியோ ரோட்ரிகெஸ், பாப்லோ மிலானெஸ் போன்ற இளம் பாடகர்கள் அங்கே அவரிடம் இசை பயின்றனர்.

இதற்கிடையில் 1961இல் போலந்து சென்று 'வார்சா இலையுதிர்கால' இசைவிழாவில் கலந்துகொண்டார். போலந்தின் புதிய இசை அப்போது உலகின் கவனத்தைப் பெற்றிருந்தது. சுரங்களைத் தனித்தனியாக அடுக்காமல், ஒலித்திரளாகக் கையாளும் முறையை ப்ரோவர் அங்கே கேட்டார். வாசிப்பவரின் தேர்வுக்கு இடம்விட்டு எழுதும் முறையையும் பின்பற்றத் தொடங்கினார். 1963இல் பியானோவுக்கு எழுதிய 'சோனோகிராமா 1' அதன் விளைவு.

கச்சேரிப் படைப்புகள் (1964–1971)

'நடனத்துக்குப் புகழுரை' (1964) இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி மெதுவானது. அதில் ஒலிக்கு இணையாக இடைவெளியும் பேசுகிறது. இரண்டாவது பகுதியில் ஒரு தாளத்துண்டு பிடிவாதமாகத் திரும்ப வருகிறது. கிட்டாரின் மரப்பலகையைத் தட்டும் ஒலியும் அதில் சேர்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசை நினைவுக்கு வரும். ஆனால் ஒரு பெரிய இசைக்குழுவின் முரட்டுத்தனத்தை ஒற்றைக் கருவியிலிருந்து எழுப்புவது ப்ரோவரின் வேலை. கடினமாக ஒலிக்கும் பல இடங்கள் கைக்குக் கடினமானவை அல்ல. இடதுகையின் ஓர் அமைப்பை அப்படியே தந்திப்பலகையில் மேலும் கீழும் நகர்த்தி, திறந்த தந்திகளைக் கூடவே ஒலிக்கவிடுகிறார். வில்லா-லோபோஸிடமிருந்து வந்த உத்தி அது. ப்ரோவர் அதைக் கூர்மையாக்கினார்.

'காந்திகும்' (1968) ஒரு பூச்சி கூட்டை உடைத்து வெளிவருவதை முதல் பகுதியின் தலைப்பாகக் கொண்டது. சில கணங்களுக்கு மட்டும் நீளும் ஒலிவெடிப்புகளால் ஆனது.

'நித்தியச் சுருள்' (1971) இந்தப் பாதையின் உச்சி. நெருங்கிய சில சுரங்கள் மிக வேகமாகச் சுழலத் தொடங்குகின்றன. அந்தச் சுழற்சி விரிகிறது, உயர்கிறது, உடைகிறது. ஒரு கட்டத்தில் குறிப்பிட்ட சுருதியே இல்லாத தட்டல்களாகவும் உரசல்களாகவும் ஆகிறது. மெட்டு என்று எதுவும் இல்லை. முதன்முறை கேட்பவர் இதைக் கிட்டார் என்று அடையாளம் காணவே சிரமப்படலாம். இதைப் புதிய ஒலிகளின் பட்டியல் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் தொடக்கச் சுழற்சியைக் காதில் வைத்துக்கொண்டு மீண்டும் கேட்கவேண்டும். பின்னால் வரும் ஒவ்வொன்றும் அந்த ஒரு விதையிலிருந்தே முளைக்கிறது. இருபது வயதுக்கு முன் தெருப்பாட்டின் துண்டை வைத்துச் செய்ததையே இங்கே மெட்டில்லாமல் செய்கிறார்.

அதே காலத்தில் மேடைக் கலைஞராகவும் ப்ரோவர் உச்சத்தில் இருந்தார். ஹான்ஸ் வெர்னர் ஹென்ட்ஸெயின் 'எல் சிமரோன்' 1970இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ விழாவில் அரங்கேறியபோது கிட்டார் வாசித்தவர் அவரே. தப்பியோடிய கியூப அடிமை எஸ்தெபான் மொந்தேஹோவின் வாழ்க்கையைச் சொல்லும் படைப்பு அது. புதிய இசையை எழுதுவது மட்டுமல்ல, பிறருடைய புதிய இசையை வாசித்து நிறுவுவதும் தன் கடமை என்று அவர் கருதினார்.

பின்வாங்கலா? ஒரு விவாதம்

1980களின் தொடக்கத்தில் வலதுகை விரலில் ஏற்பட்ட தசைநார்ப் பாதிப்பு ப்ரோவரின் மேடை வாழ்க்கையை முடித்துவைத்தது. எழுதுவதும் இசைக்குழு நடத்துவதும் தொடர்ந்தன. 1981இல் ஷரன் இஸ்பினுக்காக எழுதிய 'கறுப்பு டெக்கமெரோன்' மூன்று பகுதிகள் கொண்டது. லியோ ஃப்ரோபேனியஸ் திரட்டிய ஆப்பிரிக்கக் கதைகளிலிருந்து பிறந்தது. இனிமையானது, மெட்டுகள் நிறைந்தது. ப்ரோவர் இந்த நடையைப் 'புதிய எளிமை' என்று அழைத்தார். 'நித்தியச் சுருள்' எழுதியவர் எளிய ரசனையிடம் சரணடைந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது.

இக்குற்றச்சாட்டு அவருடைய இளமைக்காலத்தைச் சரியாகக் கேட்காததால் வருவது. 'நித்தியச் சுருள்' எழுதிய அடுத்த ஆண்டே, சோலாஸின் 'நவம்பரில் ஒரு நாள்' (1972) படத்துக்கு அதே பெயரில் மிக எளிய, துயரம் தோய்ந்த ஒரு மெட்டை அவர் அமைத்தார். இன்று உலகெங்கும் கிட்டார் மாணவர்கள் அதை வாசிக்கிறார்கள். ஆகவே எளிமை கையில் வலி வந்தபின் வந்ததல்ல. அது திரையிசையில் இருந்தது, பயிற்சிகளில் இருந்தது. 'கறுப்பு டெக்கமெரோனில்' வரும் தொடர்மீட்டல்கள் ஆறாம் பயிற்சியின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் குற்றச்சாட்டில் ஓர் உண்மையும் உண்டு. கைக்கு வசதியான அமைப்புகள் எழுதுபவருக்குப் பழக்கமாகிவிடும். பிற்காலப் படைப்புகள் சிலவற்றில் திறந்த தந்திகளின் அதே ஒலி, அதே மீட்டல் முறை, அதே தாளத்துண்டு திரும்ப வருகின்றன. இளமையில் கண்டுபிடிப்பாக இருந்தது பின்னாளில் முத்திரையாகிவிட்டது. இளமைக்காலத்தில் இந்த ஆபத்திலிருந்து அவரைக் காத்தது, அவரே வாசித்துக்கொண்டிருந்த பிறருடைய இசை. ஸ்கார்லாத்தி முதல் ஹென்ட்ஸெ வரை ஒவ்வொருவரும் அவருடைய கையை வேறு இடத்துக்கு இழுத்தனர். மேடை நின்றபோது அந்த இழுப்பும் குறைந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

மதிப்பீடு

ப்ரோவரின் இளமைக்கால இசையை நாட்டார் இசைக் காலம், பரிசோதனைக் காலம் என்று பிரித்துப் படிப்பது வழக்கம். அந்தப் பிரிவு வசதியானது, ஆனால் போதுமானதல்ல. தெருப்பாட்டோ, ஒலித்திரளோ, முதலாண்டு மாணவரின் பயிற்சியோ, எல்லாவற்றிலும் அவர் செய்வது ஒன்றே: ஒரு சிறு துண்டை எடுத்து, கருவியின் உடலமைப்பு காட்டும் வழியில் வளர்ப்பது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் முதல் ஆறு எளிய பயிற்சிகளிலிருந்து தொடங்கி, 'டான்சா கராக்தெரிஸ்திகா', 'நடனத்துக்குப் புகழுரை' வழியாக 'நித்தியச் சுருளை' அடைவது நல்லது. அந்த வரிசையில் கேட்டால் கடைசிப் படைப்பு புதிராகத் தோன்றாது.

கச்சேரி மேடையில் ப்ரோவருக்கு இணையான வேறு சிலரைச் சொல்லலாம். பெஞ்சமின் பிரிட்டன் ஜூலியன் பிரீமுக்காக எழுதிய 'நாக்டர்னல்' (1963) ஆழத்தில் 'நடனத்துக்குப் புகழுரை'யைவிடப் பெரிய படைப்பு. ஆனால் பிரிட்டனின் படைப்பைத் தேர்ந்த கலைஞர் மட்டுமே வாசிக்க முடியும். ப்ரோவரின் முதல் பயிற்சியை, கிட்டார் தொட்டு ஓராண்டு ஆன ஒரு மாணவர் தன் வீட்டில் உட்கார்ந்து வாசிக்கலாம். வாசிக்கும்போது அவர் கையில் இருப்பது பாடப்புத்தகத்தின் பக்கம் அல்ல, அவர் காலத்தின் இசை. கிட்டாருக்கு இல்லாதிருந்தது அதுவே. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் அதைச் சில பக்கங்களில் கொடுத்தார்.